ஒரு சுவர், இரண்டு அப்பாவிகள்

ஒரே நாளில் இரண்டு அப்பாவிகளை அடித்துவிட்டு, இடையில் ஒரு பெண்மணியிடம் முருங்கைக்காயால் அடியும் வாங்கிக்கொண்டு, மாலைக் காபிக்கு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தவன் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் எனக்குக் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. தினமும் காலையில் ஐம்பது அறுபது பேரை வெயிலில் நிற்க வைத்து, "ஏதாவது நடந்தா முதல்ல பதறாதீங்க. நில்லுங்க. சுத்திப் பாருங்க. அப்புறம் செய்யுங்க" என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதைச் சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் செங்காங்கில் புது வீடு வாங்கினோம். சண்டை அந்த வீட்டில்தான் ஆரம்பித்தது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பிறந்ததிலிருந்து மார்சிலிங்கில், நான்காம் மாடியில், மழை பெய்தால் சன்னல் வழியாகத் தண்ணீர் வடியும் ஒரு பழைய வீட்டில் வளர்ந்தாள். என் மனைவி தாதி. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு செங்காங் பக்கம். பதினாறாம் மாடி, காற்று பிய்த்துக்கொண்டு போகும், மகளுக்குத் தனி அறை. இத்தனை நல்ல விஷயங்களையும் நானும் மனைவியும் ஆறு மாதம் பேசிப் பேசி முடிவு செய்தோம். மகளிடம் கடைசியில் சொன்னோம். வீட்டை விற்று, சாவியைக் கொடுக்கும் தேதியும் குறித்த பிறகு.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். "நாளைக்கு அங்க போய் பால் காய்ச்சுவோம். பால் பொங்கி வழிஞ்சதும் அது நம்ம வீடு ஆயிடும்." சாதாரணமாக எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். மகள் கேட்டாள்: "பொங்கலன்னா?"

"பொங்காம எப்படி இருக்கும்? பொங்கும்."

"பொங்கலன்னா நம்ம வீடு ஆகாது. அப்படித்தானே?"

இந்தக் கேள்வியைப் பட்டறையில் ஒரு வெல்டர் கேட்டிருந்தால் நான் உஷாராகி இருப்பேன். மகள் கேட்டதால், குழந்தை எவ்வளவு ஆர்வமாக இருக்கிறது பார் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. சமையலறை வேலை முடியாததால் கூடத்தின் நடுவில், ஒரு பலகை மேல் சின்ன எரிவாயு அடுப்பு. கிழக்கு எது என்று கைப்பேசியில் பார்த்துத் திசை வைத்தாயிற்று. புதுப் பானை, மஞ்சள், குங்குமம். சுற்றிலும் உறவுக்காரர்கள் பதினைந்து பேர், எல்லோருக்கும் பசி. பால் மெல்ல மேலே ஏறியது. மனைவி கை கூப்பினாள். நுரை விளிம்பைத் தொடப் போன அந்த நொடியில், சுவரோரம் நின்றிருந்த மகள் பந்தை உதைக்க ஓடி வருவதுபோல் ஓடி வந்து, பானையை ஒரு உதை விட்டாள்.

பானை என் பக்கம் வந்தது. பால் முழுவதும் என் இடது பாதத்தில். நான் போட்ட சத்தத்தில் எதிர்ப் புளோக்கில் ஒருவர் சன்னலைத் திறந்து பார்த்தார். அதே வேகத்தில் கையை வீசி மகளின் கன்னத்தில் அறைந்தேன்.

அதற்கு முன் நான் அவளை அடித்ததே இல்லை. பால் தரை இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அழவில்லை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்க, எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "பொங்கல! நான் பாத்தேன்! பொங்கவே இல்ல!"

மனைவியின் அத்தை நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "கீழ கொட்டினாலும் பொங்கினமாதிரிதான்டா கண்ணு."

"இல்ல! பொங்கல!"

அவளைக் கீழே விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் பால் வாங்கி வந்து காய்ச்சினார்கள். அது நன்றாகவே பொங்கியதாம். ஆனால் மகள் பார்க்கவில்லை. ஆகவே அது செல்லாது. பொங்கியதை நானும் பார்க்கவில்லை. கொப்புளம் போட்ட காலைக் குளியலறைக் குழாயடியில் நீட்டி உட்கார்ந்து, கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வலியை விடக் கை வலி அதிகமாக இருந்தது.

பிறகு சாமான் ஏற்றும் நாளில் லாரிக்காரரின் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை. அவளுடைய கட்டிலைத் தூக்கியதுதான் அவர் செய்த குற்றம். செங்காங்குக்கு வந்து முதல் வாரம் என் கைக்கடிகாரம் பதினாறாம் மாடியிலிருந்து கீழே போக இருந்தது. நல்லவேளை, சன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் வாரம் புதுச் சோபாவில் கத்தரிக்கோல். மூன்றாம் வாரம் குழாயைத் திறந்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் அறையில் அவள் படுப்பதே இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியை ஒட்டிப் பாயை விரித்துக்கொண்டு, பள்ளிப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள். விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் படுப்பார்களே, அந்த மாதிரி.

இப்போது யோசித்தால் தப்பு என் பக்கமும் இருந்தது தெரிகிறது. பழைய வீட்டை அவள் காயங்களால்தான் படித்திருந்தாள். வாசல் இரும்புக் கதவில் முன்பல் பாதி உடைந்தது. குளியலறைக் கதவில் சுண்டுவிரல் நசுங்கியது. கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் இருந்த சுவரின் முனையில், ஓடி வந்து மோதி, புருவம் கிழிந்து நான்கு தையல். அந்த வீட்டில் இருட்டில் கூட அவள் மோதிக்கொள்ளாமல் நடப்பாள். எந்த இடம் எப்படிக் கடிக்கும் என்று உடம்புக்கே தெரியும். வீட்டுக்கும் அவளுக்கும் அடிதடியில் வளர்ந்த பழக்கம்.

புது வீட்டிலோ, பாதுகாப்பு அதிகாரி குடிவந்திருக்கிறார் அல்லவா? மேசை முனை, கட்டில் முனை, அலமாரி முனை, சுவர் முனை, எல்லாவற்றிலும் நுரைப்பஞ்சு ஒட்டினேன். கதவிடுக்குகளில் ரப்பர். குளியலறையில் வழுக்காத விரிப்பு. அங்கே யாராவது கீழே விழுந்தால் தரைக்குத்தான் வலிக்கும். அந்த வீட்டில் அவளுக்கு வலித்தது ஒன்றே ஒன்றுதான். அது என் கை.

ஜூன் பள்ளி விடுமுறை வந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி சொன்னாள்: "மார்சிலிங் மக்சிக் போன் பண்ணாங்க. நம்ம வீட்ட வாங்கினவங்க நாளைக்குச் சுவர் உடைக்கிறாங்களாம். பாப்பா ரூம் சுவரு. கூடத்தப் பெருசாக்கப் போறாங்களாம்."

மக்சிக் என்பது எங்கள் பழைய பக்கத்து வீட்டு மலாய் அம்மா. மகளுக்குப் பாதிச் சோறு அவர் வீட்டில்தான்.

"அவங்க வீடு, அவங்க இஷ்டம் லா," என்றேன் நான், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.

மகள் தட்டை முழுவதும் காலி செய்தாள். அது ஒன்றே போதுமான எச்சரிக்கை. எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் எனக்கு விடுப்பு. மனைவி காலை வேலைக்குப் போய்விட்டாள். தேக்கா சந்தைக்குக் கிளம்பினேன். மகள் தானாக வந்து, "நானும் வரேன்பா" என்றாள். சந்தை என்றால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கும் பிள்ளை. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு சிரித்துப் பேசியது. நான் பூரித்துப் போனேன். ரயிலில் வரும் வழியெல்லாம் பட்டறையில் யாரோ வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளும் தலையாட்டிக் கேட்டாள்.

என் மகளுக்குச் சிங்கப்பூரில் ஒரே ஒரு பாதைதான் தெரியும். தேக்காவிலிருந்து மார்சிலிங். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வந்த பாதை. நீல ரயில் தடத்தில் ஏறி, நியூட்டனில் மாறி, சிவப்புத் தடத்தில் உட்கார்ந்தால் தூங்கினாலும் மார்சிலிங்கில் விழித்துக்கொள்வாள். செங்காங்கிலிருந்து எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே தேக்கா வரை அவளைக் கொண்டுபோய் விட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான்.

காய்கறிக்கடையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினேன். இல்லை.

நில்லுங்க, சுத்திப் பாருங்க என்று சொல்லும் வாய் "ஐயோ" என்று கத்தியது. கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். மீன் பகுதியில் வழுக்கி ஒரு சீனப் பெரியவரின் பனிக்கட்டிப் பெட்டியில் உட்கார்ந்து எழுந்தேன். கீழே இருந்து மேல் மாடி, மேல் மாடியிலிருந்து கீழே, அப்புறம் பஃபலோ ரோடு, அப்புறம் சிராங்கூன் ரோடு. பூக்கடை, நகைக்கடை, கைப்பேசிக்கடை எல்லாவற்றிலும் தலையை நீட்டி, "மஞ்சள் கவுன், எட்டு வயசு, பாத்தீங்களா?" என்றேன். மனைவிக்கு போன் செய்யவில்லை. பிள்ளை தொலைந்த பயம் ஒரு பக்கம், பிள்ளையைத் தொலைத்ததைச் சொல்லும் பயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சாலையோரத்தில், மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமியை ஒருவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான். சிறுமி வீறிட்டு அழுகிறாள். முகம் தெரியவில்லை. எனக்கு முகம் தேவைப்படவில்லை. பாய்ந்தேன். அவன் முதுகில் விழுந்து, கழுத்தைச் சுற்றிப் பிடித்து, காதோடு சேர்த்து ஒரு குத்து. இரண்டு பேரும் நடைபாதையில் உருண்டோம். மூக்கில் ஒரு முட்டி வாங்கினேன். வாய்க்குள் உப்புக் கரித்தது.

"விடுடா! எம் பொண்ணு!" என்று நான்.

"எவன்டா இவன்! எம் பொண்ணு!" என்று அவன்.

சொத்தென்று என் தலையில் ஏதோ விழுந்தது. மறுபடியும். மறுபடியும். அவனுடைய மனைவி, பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை உருவி, இரண்டு கையாலும் பிடித்து விளாசிக்கொண்டிருந்தார். "பட்டப்பகல்ல! என் புருசன! நடு ரோட்டுல!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. முருங்கைக்காய் இவ்வளவு வலிக்கும் என்று அன்றுவரை தெரியாது. நான் அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் கவுன் சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டும் முழுசாக இருந்தன.

என் மகள் இல்லை.

"என் புள்ளயக் காணோம்ங்க," என்றேன் தரையில் உட்கார்ந்தபடி. சொன்னதும் அழுதுவிட்டேன்.

அந்தப் பெண்மணியின் கையில் முருங்கைக்காய் அப்படியே நின்றது. "அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானே அண்ணே! அடிச்சிட்டுச் சொல்றீங்க!"

அவர் கணவர் காதைத் தேய்த்துக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டார். "அழுவாதீங்க. எப்படி இருப்பா சொல்லுங்க, நாங்களும் தேடுறோம். மஞ்சள் கவுனா?"

அப்போது கைப்பேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"தேக்காவுல. காய் வாங்கிட்டிருக்கேன்."

"பாப்பா?"

"இதோ, பக்கத்துலதான் நிக்கிறா." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "அப்படியா? அப்ப மார்சிலிங்ல நம்ம பழைய வீட்டுக்குள்ள நின்னு கல்ல விட்டு எறியறது யாரு? மக்சிக் இப்பதான் அழுதுகிட்டே போன் பண்ணாங்க. சுவர் உடைக்கிற எடத்துல நிக்கிறாளாம். வர மாட்டேங்கிறாளாம். ஓடுங்க."

"மஞ்சள் கவுன்தானே?"

"நீலம். காலையில நீங்கதான் பட்டன் போட்டு விட்டீங்க."

டாக்ஸியில் ஏறும்போது அந்தப் பெண்மணி உடைந்த முருங்கைக்காயை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, "போன உடனே அடிச்சிடாதீங்க அண்ணே!" என்று கத்தினார். என்னைப் பார்த்த பத்தே நிமிடத்தில் அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

மார்சிலிங் போகும் இருபத்தைந்து நிமிடமும் என் வேலை என்னைப் பழிவாங்கியது. சுவர் உடைக்கும் இடத்தில் என்னென்ன நடக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். படம் போட்டுப் பாடம் நடத்துகிறவன். ஒவ்வொரு படத்திலும் நீலக் கவுன் தெரிந்தது. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நான்கு மாடியும் படியில் ஏறினேன். சுத்தியல் சத்தம் இல்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. எங்கள் வாசலில் மக்சிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

கூடம் முழுவதும் வெள்ளைத் தூசி. பாதிச் சுவர் இல்லை. மீதிச் சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து, தலைமுடியெல்லாம் சுண்ணாம்பாக என் மகள். அவளுக்கு முன்னால் பெரிய சம்மட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். அவன் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து புருவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

நில்லுங்க. சுத்திப் பாருங்க. நான் நிற்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. போய் அவன் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவன் "அம்மா" என்று மடங்கினான். மடங்கும்போது அவன் தலைக்கவசம் என் மணிக்கட்டில் இடித்து, எலும்பில் ஏதோ சொடுக்கிய சத்தம் கேட்டது.

"அப்பா!" என்று கத்தினாள் மகள். "அந்த அண்ணன் ஒண்ணும் பண்ணல! நான்தான் கல்ல விட்டு அடிச்சேன்!"

அன்று நான் அடித்த இரண்டாவது அப்பாவி தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தமிழ்நாட்டுப் பையன், முப்பது வயது இருக்கலாம். நான் பட்டறையில் தினமும் நிற்க வைத்துப் பேசுகிற ஆட்களில் ஒருவராக இருந்திருக்கலாம். "சார்," என்றார் வயிற்றைப் பிடித்தபடி, "நான் சம்மட்டிய கீழ வைக்கப் போனேன் சார். வச்சா பாப்பா எடுத்துடும்னு பயந்து கையிலேயே வச்சிருக்கேன். அரை மணி நேரமா இப்படியே நிக்கிறேன் சார்."

கூட இருந்த இன்னொருவர் மூலையில் சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பங்களாதேஷ்காரர். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு ஆம்பிளைகளை அரை மணி நேரம் சிறை வைத்திருக்கிறது.

நெற்றிக் காயத்தைப் பார்த்தேன். செங்கல் சில்லு. ஆழமில்லை. "முதலாளிக்குப் போன் பண்றேன், க்ளினிக் போவோம்," என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் சார்! வேலை நடக்கிற எடத்துல சின்னப் புள்ளய உள்ள விட்டேன்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க சார். பிளாஸ்திரி போதும்."

இதே மாதிரி எத்தனை பேர் என்னிடம் பிளாஸ்திரி போதும் என்று சொல்லி, நான் விடாமல் அறிக்கை எழுதியிருக்கிறேன். மக்சிக் மருந்துப் பெட்டியோடு வந்தார். நான் பிளாஸ்திரி ஒட்டினேன். அறிக்கை எழுதவில்லை.

பிறகு மகளிடம் போனேன். "வாம்மா, போகலாம்."

"மாட்டேன்."

"ஐஸ்கிரீம்?"

"வேணாம்."

"இது இப்ப அவங்க வீடும்மா. அவங்க உடைச்சுக்கட்டும்."

"என் சுவரு," என்றாள். புருவத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "இதுல நான் இடிச்சேன். அவங்க யாரும் இடிக்கல."

மக்சிக் வாசலில் நின்றபடி மலாயில் மெதுவாகச் சொன்னார்: "இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டேன் லா. அந்த வீட்டில் அப்பா அடிக்கிறார் என்றாள்." என்னைப் பார்க்காமல், தூசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு நகைச்சுவை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல்முறையாக.

நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய பையன்தான் பேசினார். "பாப்பா, நான் உடைக்கலன்னா நாளைக்கு வேற ஆளு வந்து உடைப்பாங்க. அவங்க என்னை மாதிரி நின்னு பாக்க மாட்டாங்க."

மகள் யோசித்தாள். முகம் அழுகைக்கு நெளிந்து, மறுபடி இறுகியது. "அப்ப நான் உடைக்கிறேன்," என்றாள்.

ஒரு பாதுகாப்பு அதிகாரி இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டப்புத்தகத்தில் பக்கமே சொல்வேன். நான் அந்தப் பையனின் தலைக்கவசத்தைக் கழற்றி மகளின் தலையில் வைத்தேன். உள்ளே என் கைக்குட்டையைத் திணித்து இறுக்கினேன். அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினேன். பங்களாதேஷ்காரர் மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னச் சுத்தியலை நீட்டினார். மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்ததால் இடது கையால் அவளைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டேன்.

முதல் அடி சுவருக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதும். மூன்றாவது அடியில் ஒரு சில்லு தெறித்தது. அவள் பல்லைக் கடித்தாள். அடித்தாள். மறுபடி அடித்தாள். யாரை அடிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. லாரிக்காரரை, பால் பானையை, வீடு வாங்கியவர்களை, என்னை. பெரும்பாலும் என்னை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது, செங்கல் விரிந்தது, புருவம் கிழித்த அந்த முனை ஒரே கட்டியாகக் கீழே விழுந்தது. மூக்கில் சளியும் தூசியும் கலந்து வழிய, அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பால் காய்ச்சிய நாளிலிருந்து அழாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. கால் மணி நேரம் இருக்கும். பிறகு சுத்தியலை அந்தப் பையனிடம் நீட்டினாள்.

"மிச்சத்த நீங்க உடைங்க அண்ணே. கை வலிக்குது."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் மாவுக்கடையில் விழுந்து எழுந்தவர்கள் போல் இருந்தோம். எதிரில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் மணிக்கட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நிலையம் தாண்டி அவள் கேட்டாள்.

"இனிமேலும் அடிப்பீங்களா?"

"உன்ன அடிக்க இனிமே யாரால முடியும்? ஊரே உன்னப் பாத்து..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "தப்புப் பண்ணிட்டேன். அடிக்க மாட்டேன்."

அவள் என் மூக்கைப் பார்த்து, "உங்கள யாரு அடிச்சா?" என்றாள். முருங்கைக்காய்க் கதையைச் சொன்னேன். அந்த அடிகளை எண்ணிச் சொல்லச் சொன்னாள். இரண்டு தடவை.

அன்றும் அவள் வாசலோரம்தான் படுத்தாள். ஒரு சுவரை உடைத்ததும் இன்னொரு வீட்டைப் பிடித்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். பிடிக்கவில்லை. சண்டை போடுவதை மட்டும் நிறுத்தினாள். அது எனக்கு இன்னும் கவலையாக இருந்தது. சொன்னதைச் செய்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், விருந்தாளி மாதிரி நன்றி சொன்னாள். எலும்பில் கீறல் விழுந்த கையில் கட்டோடு நான் வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள் சுவர் முனையில் நான் ஒட்டிய நுரைப்பஞ்சை எல்லாம் ஒற்றைக் கையால் பிய்த்து எடுத்தேன். அதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

விடுமுறை முடியும் வாரம். மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசல் நடைபாதையிலிருந்து அலறல். எழுந்து ஓடினேன்.

எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவில் என் மகளும் எதிர்வீட்டுச் சீனச் சிறுமியும் உருண்டுகொண்டிருந்தார்கள். இவள் கையில் அவள் முடி. அவள் பல்லில் இவள் காது. இரண்டு பேர் முகத்திலும் ரத்தம், யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு இளஞ்சிவப்பு நிறத் தள்ளுவண்டி, காலால் உந்தி ஓட்டுவார்களே, அது கவிழ்ந்து கிடந்தது. நானும் எதிர்வீட்டு அம்மாவும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்து இழுத்தோம். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சுவரில் இடித்துக்கொண்டோம். பிள்ளைகள் விட்டபாடில்லை.

பிரித்து நிறுத்தியதும் எதிர்வீட்டு அம்மா ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார். தன் மகளின் கன்னத்தில் நான்கு கீறல், எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு முரட்டுத்தனமா, ஏதாவது டாக்டரிடம் காட்டினீர்களா. நியாயமான கேள்விகள். நான் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, "சாரி, சாரி" என்று குனிந்தேன்.

"எதுக்குடி அடிச்ச?" என்று மகளிடம் திரும்பினேன்.

காதைப் பொத்திக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். கண் இரண்டும் கனன்றது. "தினமும் இங்கயே கொண்டாந்து நிறுத்துறாப்பா! நான் மூணு தடவ சொன்னேன். நம்ம வாசல்ல!"

அறையில் இருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சிரிக்காதீங்க," என்றாள் பல்லைக் கடித்து. "அந்தம்மா பாக்குறாங்க."

நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மாவிடம் இன்னும் மூன்று சாரி சொன்னேன். இனிமேல் இப்படி நடக்காது என்றேன். மகளைக் கண்டிப்பேன் என்றேன். குனிந்து அந்தத் தள்ளுவண்டியை மரியாதையாக நிமிர்த்தி வைத்தேன். வைக்கும்போது, அவர் தன் மகளின் கன்னத்தைத் துடைக்கத் திரும்பிய சமயம், காலால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளி, முழுவதுமாக அவர்கள் பக்கம் அனுப்பினேன்.